பாபாசாகேப் மேற்படிப்புக் கற்ற வரலாறு



சென்ற பௌர்ணமி உபோசத நாளன்று வழிபாடு முடிந்தபின், நம் சங்கத்தைச் சேர்ந்த அன்னையார் ஒருவர் நம்மைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகன் பீ.ஏ. தேறியிருக்கிறான். ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைக்கும் நிலையில் இருக்கிறது. அவனோ எம்.ஏ. படிக்க விரும்புகிறான். தந்தையார் வேலையினின்று ஓய்வு பெற்றுவிட்டார். தங்கை பள்ளியிறுதி வகுப்பில் பயில்கிறாள். மகனை வேலைக்கு அனுப்புவதா, மேலே படிக்க வைப்பதா, படிக்க வைப்பதாயின் பொருளுக்கு எங்கே செல்வது என்பதே அவ்வன்னையாரின் கேள்வி.

பஞ்ச சீலத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் நாம் அறிந்த அளவில் உடனே விடை கூறியிருப்போம். எட்டாம் வகுப்போடு ஏட்டை மூடிவிட்டு நூற்பாலைக்குச் சென்ற நமக்கு, எம்.ஏ. படிப்பைப் பற்றி விடை கூற என்ன தகுதி உண்டு? ஒரு திங்கள் தவணை கேட்டுக்கொண்டு வீடு திரும்பினோம். அன்றிரவே பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் அவர்களின் வரலாற்றை மீண்டும் எடுத்துப் படிக்கத் தொடங்கினோம்.

பாபாசாகேப் பல பட்டங்கள் பெற்றவர் என்பது நம் வீட்டுச் சிறுவரும் அறிந்த செய்தி. அப்பட்டங்களுக்கு வேண்டிய பொருள் எங்கிருந்து வந்தது, படிப்பு எத்தனை முறை தடைப்பட்டது, அதன் சுமையை யார் யார் தாங்கினர் என்பனவற்றை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆதலின் அவற்றையே ஈண்டு எழுதுகிறோம்.

தந்தையின் முயற்சி

1891 ஏப்ரல் 14-ஆம் நாள், மத்திய இந்தியாவில் மோவ் என்னும் படைக் குடியிருப்பில், சுபேதார் இராம்ஜி சக்பால் அவர்களுக்கும் பீமாபாய் அம்மையாருக்கும் பதினான்காவது மகவாய் அவர் பிறந்தார். அன்னையை இளமையிலேயே இழந்தார். ஓய்வூதியம் பெற்ற தந்தையார் மக்களுடன் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளர் நிறைந்த பரேல் பகுதியில், சால் என வழங்கும் தொழிலாளர் குடியிருப்பில் ஒரே ஓர் அறையில் குடியேறினார்.

அவ்வறையில் எல்லோரும் ஒருங்கே படுக்க இடமில்லை. தந்தையார் மகனை முன்னிரவில் உறங்கச் செய்வார். பின்னிரவு இரண்டு மணிக்கு அவனைப் படிக்க எழுப்பிவிட்டு, அவன் எழுந்த இடத்தில் தாம் படுப்பார். இதனைப் படித்தபோது நாம் வியப்படையவில்லை. ஆலையில் பணியாற்றிய நாட்களில் நாமும் அவ்வாறே வாழ்ந்தோம். இரவு ஷிப்டுக்காரர் திரும்பி வந்தவுடன் பகல் ஷிப்டுக்காரர் பாயை விட்டு எழ வேண்டும். நாம் எழுந்தது தறிக்கும் கதிருக்கும் செல்வதற்காக. அச்சிறுவன் எழுந்தது புத்தகத்திற்காக.

புத்தகங்களின்மேல் மகனுக்கிருந்த ஆவல் தந்தையின் ஓய்வூதியத்திற்குள் அடங்கவில்லை. அத்தகைய வேளைகளில் தந்தையார் மணமாகிச் சென்ற தம் பெண்மக்களிடம் சென்று கடன் கேட்பார். கையில் பணம் இல்லையேல் அவர்களது நகையை வாங்கி அடகு வைப்பார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுத்துவிடுவார். பாபாசாகேபின் கல்விக்கு முதன்முதலாகப் பொருளுதவி செய்தவர்கள் அரசர்கள் என்று நாம் எண்ணியிருந்தோம். அவர்களுக்கு முன்னரே அவருடைய தமக்கையரின் நகைகள் உதவியிருக்கின்றன.

1907-ல் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து மெட்ரிகுலேஷன் தேறினார். அவ்வெற்றியைப் பாராட்டி நடந்த கூட்டத்தில், கேளுஸ்கர் என்னும் ஆசிரியர் தாம் மராத்தியில் எழுதிய பகவான் புத்தரின் வரலாற்று நூலை அவருக்குப் பரிசளித்தார். அதே 1907-ஆம் ஆண்டில்தான் சென்னையில் பண்டிதர் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார் என்பதைத் தமிழ்ப் பௌத்தராகிய நாம் நினைவிற் கொள்ளலாம்.

பரோடா மன்னரின் உபகாரச் சம்பளம்

கலாசாலைப் படிப்பின் இடையில் தந்தையாரின் கை முற்றிலும் வறண்டது. அவ்வமயம் கேளுஸ்கர் அவர்களே பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அவர்களிடம் அவரை அறிமுகம் செய்தார். மன்னர் திங்கள்தோறும் 25 ரூபாய் உபகாரச் சம்பளம் அளித்தார். அதனைக்கொண்டு எல்பின்ஸ்டன் கலாசாலையில் பயின்று பீ.ஏ. தேறினார்.

அடுத்து என்ன செய்வது? உதவிய மன்னரின் சமஸ்தானத்தில் பணி புரிவதே முறை என அவர் கருதினார். தந்தையாருக்கு அதில் விருப்பம் இல்லை. எனினும் 1913 ஜனவரியில் மகன் பரோடாவிற்குச் சென்றார். சின்னாட்களிலேயே தந்தையார் நோயுற்ற செய்தி வந்தது. விரைந்து திரும்பிய அவர், 1913 பிப்ரவரி 2-ஆம் நாள் தந்தையை இழந்தார். அப்போது அவருக்கு வயது 21. மனைவி இரமாபாய் அம்மையாரும், சின்னஞ்சிறு குழந்தையாகிய யஷ்வந்தும் இருந்தனர். கடன் வாங்கியேனும் புத்தகம் வாங்கித் தர இனி எவரும் இல்லை. பீ.ஏ. பட்டம் ஒன்றே கையில் இருந்தது. குடும்பத்தைக் காக்க வேலை தேடுவதே கடமை என எவரும் கூறியிருப்பர். அவ்வன்னையாரின் வீட்டு நிலையும் ஏறத்தாழ இதுவே.

அவ்வேளையில் பரோடா மன்னர் சில மாணவர்களை மேற்படிப்பிற்காக அமெரிக்காவிற்கு அனுப்ப முடிவு செய்தார். பாபாசாகேப் விண்ணப்பித்தார், தேர்ந்தெடுக்கப்பட்டார். மூன்றாண்டுகளுக்குத் திங்கள் ஒன்றுக்கு 11 பவுன் 10 ஷில்லிங் அளிக்கப்படும் என்றும், படிப்பு முடிந்தபின் பத்தாண்டுகள் பரோடா சமஸ்தானத்தில் பணியாற்ற வேண்டும் என்றும் ஒப்பந்தம். 1913 ஜூன் 4-ஆம் நாள் அதில் கையொப்பமிட்டார். அவ்வுதவிக்கு ஈடாகத் தம் வாழ்நாளில் பத்தாண்டுகளை எழுதிக்கொடுத்தார் என்பதே அதன் பொருள். ஜூலைத் திங்களில் நியூயார்க் நகரை அடைந்து கொலம்பியா சர்வகலாசாலையில் சேர்ந்தார்.

நம்மவரில் ஒருவர் பட்டத்திற்கு மேற்பட்ட படிப்பிற்காகக் கடல் கடந்து செல்வது அக்காலத்தில் கேள்விப்படாத செய்தி. அங்கே பொருளாதாரம், சமூகவியல், வரலாறு முதலியவற்றைப் பேராசிரியர் செலிக்மன் போன்றோரிடம் பயின்றார். பெற்ற உதவித் தொகையிலிருந்து குடும்பத்திற்கும் பணம் அனுப்பியாக வேண்டும். ஆதலின் உணவைச் சுருக்கினார். புத்தகத்தை மட்டும் சுருக்கவில்லை. பழம்புத்தகக் கடைகளில் தேடித் தேடி ஏறத்தாழ இரண்டாயிரம் நூல்களை வாங்கிச் சேர்த்தார். 1915-ல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916-ல் டாக்டர் பட்டத்திற்குரிய ஆராய்ச்சியையும் முடித்தார். ஆயினும் அப்பட்டத்தை முறைப்படி பெறுவதற்கு ஆராய்ச்சி நூலை அச்சிட்டு அளித்தல் வேண்டும். நூல் 1925-ல்தான் அச்சேறியது. பட்டம் 1927-ல் வழங்கப்பட்டது. எழுதி முடித்ததற்கும் பட்டம் பெற்றதற்கும் இடையே பதினோராண்டுகள் சென்றன.

இடையில் நின்ற படிப்பு

1916-ல் இலண்டன் சென்று, பொருளாதாரப் பள்ளியிலும், பாரிஸ்டர் படிப்பிற்காகக் கிரேஸ் இன் என்னும் சட்ட நிலையத்திலும் சேர்ந்தார். ஓராண்டு முடியுமுன் உபகாரச் சம்பளத்தின் காலம் முடிந்தது. பணிக்குத் திரும்புமாறு பரோடாவிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டு படிப்பும் பாதியில் நின்றன.

அன்பர்கள் இவ்விடத்தைச் சற்று ஊன்றிப் படிக்க வேண்டுகிறோம். இலண்டனை விட்டுப் புறப்படுமுன் அவர் ஒரு செயல் செய்தார். நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து படிப்பைத் தொடர இலண்டன் சர்வகலாசாலையிடம் அனுமதி பெற்றுக்கொண்டார். கையில் பொருளில்லை, திரும்பி வருவதற்கான வழி எதுவும் புலப்படவில்லை. அந்நிலையிலும் அனுமதியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

நாம் எட்டாம் வகுப்பை விட்டு நின்ற நாள் நினைவுக்கு வந்தது. வீட்டு நிலை அவ்வாறு இருந்தது. அதற்கு எவரையும் குறை கூறுவதற்கில்லை. ஆனால் திரும்பி வருவேன் என்று நாம் ஆசிரியரிடம் ஒரு சொல் சொல்லி வரவில்லை. நமக்கும் அவ்வெண்ணம் இல்லை. நின்றது நின்றதே என எண்ணிவிட்டோம். பல்லாண்டுகளுக்குப் பின்னர், நூல்களை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய பிறகே நாம் இழந்தது இன்னதென உணர்ந்தோம்.

1917 ஆகஸ்டில் பாபாசாகேப் பம்பாய் வந்து சேர்ந்தார். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். அவருடைய நூல்களையும் உடைமைகளையும் ஏற்றிவந்த கப்பல் கடலில் தாக்கப்பட்டு மூழ்கியது. வயிற்றைக் கட்டி வாங்கிய நூல்கள் நீரில் மறைந்தன. இழப்பீடாகக் கிடைத்த 600 ரூபாயே பரோடா செல்லும் வழிச்செலவிற்கும் வீட்டுச் செலவிற்கும் உதவியது.

பரோடாவில் மன்னரின் இராணுவச் செயலாளராக அமர்த்தப்பட்டார். பதவி பெரிது, ஆனால் அந்நகரில் அவருக்குத் தங்க ஓர் இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பெயரை மறைத்துத் தங்கினார். சில நாட்களில் உண்மை வெளிப்பட்டது. தடியுடன் திரண்டு வந்தவர்கள் அவரை வெளியேறச் சொன்னார்கள். அலுவலகத்தின் ஏவலாளர்களோ கட்டுகளை அவர் கையில் கொடுக்க அஞ்சி மேசையின்மேல் எறிந்தார்கள். கொலம்பியாவில் கற்றுத் தேர்ந்த அறிஞர், பரோடாவில் பொதுப் பூங்கா ஒன்றில் அமர்ந்து கண்ணீர் வடித்துவிட்டுப் பம்பாய்க்கே திரும்பினார். பத்தாண்டுப் பணி என்னும் ஒப்பந்தம் இவ்வாறு முறிந்தது. பணி செய்ய அவர் ஆயத்தமாய் இருந்தார். படுக்க இடம் தர ஊர் ஆயத்தமாய் இல்லை.

சேமிப்பும் கடனும்

பம்பாயில் மாணவர் இருவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். வணிகர்களுக்குப் பங்குகளைப் பற்றி ஆலோசனை கூறும் தொழிலும் தொடங்கினார். அவருடைய சாதி தெரிந்ததும் வருவோர் நின்றனர். 1918 நவம்பரில் சைடன்ஹாம் கலாசாலையில் பொருளாதாரப் பேராசிரியர் வேலை கிடைத்தது. திங்கள் ஊதியம் 450 ரூபாய். அங்கும் ஆசிரியர்களுக்கென வைத்திருந்த பானையில் அவர் நீர் அருந்தலாகாது எனச் சிலர் தடுத்தனர்.

அக்காலத்தில் 450 ரூபாய் பெருந்தொகை. வசதியான வீட்டிற்குக் குடிபெயர்ந்திருக்கலாம். அவரோ பரேலில் தொழிலாளர் குடியிருப்பிலேயே தங்கினார். வீட்டுச் செலவிற்கு ஓர் அளவை வகுத்து இரமாபாய் அம்மையாரிடம் அளித்து, எஞ்சியதைச் சேமித்தார். அவ்வளவைக் கொண்டு குடும்பத்தை நடத்தியவர் அம்மையார். சேமித்தவர் பாபாசாகேப் எனில், அச்சேமிப்பை இயல்வித்தவர் அவ்வம்மையார். அவர்களுக்குப் பிறந்த ஐந்து மக்களில் யஷ்வந்த் ஒருவரே உயிர் பிழைத்தார். நால்வர் இளமையிலேயே மறைந்தனர். மேற்படிப்பின் விலையைக் கணக்கிடுவோர் இதனையும் கணக்கிட வேண்டும்.

1920 மார்ச்சில் வேலையை விட்டார். ஜூலையில் மீண்டும் இலண்டனுக்குப் புறப்பட்டார். இலண்டனில் வாங்கி வைத்த நான்காண்டு அனுமதி முடிவதற்கு இன்னும் காலம் இருந்தது. பொருள் மூன்று வழிகளில் சேர்ந்தது. ஒன்று, அவருடைய சொந்தச் சேமிப்பு. இரண்டு, கோல்காப்பூர் மன்னர் சாகு மகாராஜா அவர்களின் உதவி. மூன்று, கொலம்பியாவில் உடன் தங்கிய பார்சி நண்பர் நவல் பதேனா அவர்கள் கொடுத்த 5,000 ரூபாய்க் கடன்.

அதுவும் போதவில்லை. அதற்கு ஒரு காரணம் ரூபாயின் மதிப்பு. 1920-ன் தொடக்கத்தில் ஒரு ரூபாய்க்கு 2 ஷில்லிங்குக்கு மேல் கிடைத்தது. 1921-ல் அது 1 ஷில்லிங் 4 பென்சுக்கும் கீழே இறங்கியது. 2 ஷில்லிங் வீதத்தில் 5,000 ரூபாய்க்கு 500 பவுன் கிடைக்கும். 1 ஷில்லிங் 4 பென்ஸ் வீதத்தில் 333 பவுனே கிடைக்கும். பம்பாயில் எண்ணி வைத்த பணம் இலண்டனுக்குள் மூன்றில் ஒரு பங்கு தேய்ந்துவிடும் என்பது இக்கணக்கு. அந்த ரூபாயின் சிக்கலையே அவர் தம் ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொண்டார்.

காலையில் விடுதியில் கிடைத்த ஒரு துண்டு ரொட்டியும் தேநீரும் உண்டு, நூல்நிலையம் திறக்கும் வேளையில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்குச் செல்வார். அது மூடப்படும் வரை படிப்பார். இரவில் பசித்தால், உடன் தங்கியவர் ஒருவர் கொடுத்த அப்பளத்தைச் சுட்டு உண்டு மீண்டும் படிக்க அமர்வார். 1921-ல் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றார். பாரிஸ்டர் படிப்பையும் முடித்தார். 1922 அக்டோபரில் டி.எஸ்ஸி. பட்டத்திற்காக ரூபாயைப் பற்றிய ஆராய்ச்சியை அளித்தார். அதனைத் திருத்தி எழுதுமாறு ஆய்வாளர் கூறினர். அதற்குள் கையிருப்பு தீர்ந்துவிட்டது. 1923 ஏப்ரலில் பம்பாய் திரும்பி, தம் முடிவுகளை மாற்றாமல் நடையை மட்டும் திருத்தி இலண்டனுக்கு அனுப்பினார். அவ்வாண்டு நவம்பரில் பட்டம் வழங்கப்பட்டது. பாரிஸ்டர் தொழில் நடத்துவதற்குரிய சன்னது பெறும் கட்டணத்திற்கும் நண்பர் பதேனாவே உதவினார்.

1913-ல் பம்பாயை விட்டுப் புறப்பட்டவர் 1923-ல் படிப்பை நிறைவு செய்து திரும்பினார். பத்தாண்டுகளில் முழுநேரமும் படித்தவை ஏறத்தாழ ஏழாண்டுகள். எஞ்சியவை பொருள் தேடிய ஆண்டுகள்.

அவர் திருப்பிச் செலுத்திய கடன்

ரூபாயைப் பற்றிய நூலைத் தம் பெற்றோரின் நினைவிற்கும், மாகாண நிதியைப் பற்றிய நூலைப் பரோடா மன்னருக்கும் நன்றியுடன் உரிமையாக்கினார். நன்றியைச் சொல்லோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. 1942-ல் வைசிராயின் நிர்வாக சபையில் உறுப்பினரானதும், ஒடுக்கப்பட்ட மாணவர்களின் உயர்கல்விக்கு அரசாங்கம் பொருள் ஒதுக்க வேண்டும் என வாதாடினார். மெட்ரிகுலேஷனுக்கு மேற்பட்ட படிப்பிற்கான உபகாரச் சம்பளத் திட்டம் 1944-ல் பிறந்தது. இன்றும் அது நடைபெற்று வருகிறது. மாணவர் சிலர் வெளிநாட்டிற்கும் அனுப்பப்பட்டனர். 1945-ல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். அக்கழகம் 1946-ல் பம்பாயில் சித்தார்த்தா கலாசாலையையும், 1950-ல் ஔரங்காபாத்தில் மற்றொரு கலாசாலையையும் தொடங்கியது. பின்னதற்கு, நாகசேன தேரரிடம் அஞ்சாது கேள்வி கேட்ட மிலிந்த மன்னரின் பெயர் சூட்டப்பட்டது.

கேளுஸ்கர் அளித்த புத்த சரித்திரத்தைக் கையில் ஏந்திய மாணவர், 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு திரிசரணம் ஏற்றார். அவ்வாண்டு டிசம்பர் 6-ஆம் நாள் மறைந்தார். தம்மம் தழுவியவர்களுக்குப் பட்டியல் வகுப்பினர்க்குரிய உதவிகளை மத்திய அரசு நெடுங்காலம் மறுத்து வந்தது. 1990-ல் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே, பட்டியல் வகுப்பிலிருந்து பௌத்தரானவர்க்கும் அவ்வுரிமை கிடைத்தது. பௌத்தர் எனப் பதிவு செய்தால் உபகாரச் சம்பளம் போய்விடும் என்று இன்றும் அஞ்சுவோர் நம்மிடையே உளர். அவ்வச்சம் வேண்டா.

நம் விடை

ஒரு திங்கள் கழித்து அவ்வன்னையாரின் இல்லத்திற்குச் சென்றோம். மகனும் தங்கையும் உடன் அமர்ந்திருந்தனர். நாம் கூறியவை இவை.

முதலாவது, உரிமையாகக் கிடைக்கும் உபகாரச் சம்பளத்தை முதலில் தேடுக. வருமான வரம்பு, கடைசி நாள் முதலிய விதிகள் காலந்தோறும் மாறுவதால் கலாசாலை அலுவலகத்திலும் சமூகநலத் துறையிலும் நேரே கேட்டறிக. கையொப்பமிடுமுன் நிபந்தனைகள் அனைத்தையும் வரிவரியாய்ப் படிக்க. இரண்டாவது, அது போதாதெனில் ஓரிரு ஆண்டு வேலை செய்து சேமிப்பதில் இழிவில்லை. பாபாசாகேபும் அவ்வாறே செய்தார். ஆனால் திரும்பி வரும் நாளைக் குறித்துக்கொண்டு வேலைக்குச் செல்க. கலாசாலையில் இடத்தை நிறுத்தி வைக்க வழியுண்டா என எழுதிக் கேட்டு விடை பெறுக. மூன்றாவது, கடன் வாங்க நேர்ந்தால் அறிந்தவரிடம், அளவோடு, கணக்கெழுதி வாங்குக. குடியிருக்கும் வீட்டை அடகு வைக்க வேண்டா. நான்காவது, அண்ணனின் படிப்பிற்காகத் தங்கையின் படிப்பு நிற்கலாகாது. இரமாபாய் அம்மையார் தாங்கிய சுமையை இன்னொரு பெண்ணின் தலையில் ஏற்றுவது பாபாசாகேபைப் போற்றுவதாகாது.

நான்காவதைக் கூறியபோது அப்பெண் தலை நிமிர்ந்து நம்மைப் பார்த்தாள். அவளைப் பற்றிய பேச்சு அவ்வீட்டில் அதற்குமுன் எழவில்லை எனத் தோன்றிற்று.

இளைஞன் ஓராண்டு வேலைக்குச் செல்ல முடிவு செய்திருக்கிறான். அடுத்த ஆண்டு சேர்வதற்கான விவரங்களைக் கேட்டுக் கலாசாலைக்கு எழுதியும் விட்டான். அவன் குறித்த நாளில் திரும்பிச் செல்கிறானா என்பதைப் பார்க்க வேண்டிய பொறுப்பு அவனுடைய பெற்றோருக்கு மட்டும் உரியதன்று, நமக்கும் உண்டு. உபோசத நாட்களில் அவனைக் காணும் அன்பர்கள், வேலை எப்படி இருக்கிறது என்று கேட்பதோடு, படிப்பு எப்போது தொடங்குகிறது என்றும் தவறாமல் கேட்குமாறு வேண்டுகிறோம். நம்மை அவ்வாறு எவரும் கேட்டதில்லை.

நமோ புத்தாய!